ஒலிநாடா சொன்ன சாட்சி



ஏர்க்காட்டுக்கு அப்பால், 5,326 அடி உயரத்தில், சேர்வராயன் கோயில் இருக்கிறது. சேர்வராயரும் காவேரியம்மனும் குகையிலே எழுந்தருளியுள்ள அந்த உச்சியில், காற்றும் மூடுபனியும் கணத்துக்குக் கணம் மாறும். நடந்து ஏறுவோருக்கு அது இன்பம். மலைக்கு மேலே ஹெலிகாப்டர் செலுத்துவோருக்கோ அது சோதனை.

2021 டிசம்பர் 8 அன்று, சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற விமானப்படை ஹெலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்டோர் உயிர்நீத்தனர். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறியது. ஹெலிகாப்டர் மேகத்துள் புகுந்தது. விமானி திசையுணர்வை இழந்தார் என்று முப்படை விசாரணை கண்டது. தேர்ந்தவருக்கே இந்நிலையெனில், பயிலும் மாணவரின் நிலை யாது? அமெரிக்க வரலாற்று நிகழ்ச்சி ஒன்று இதற்கு விடை தருகிறது.

ஃபிராங்க் ராபின்சன் என்ற பொறியாளர் ஆர்-22 என்னும் சிறு ஹெலிகாப்டரை வடிவமைத்தார். 1975-இல் முதன்முதலாகப் பறந்த அது, 1979-இல் அரசின் ஒப்புதல் பெற்றது. இருவர் மட்டுமே அமரக்கூடியது. விலையும் செலவும் குறைவு. ஆதலால் பயிற்சிப் பள்ளிகள் அதனை விரும்பி வாங்கின.

அதன் சுழல்விசிறிக்கு இறகுகள் இரண்டே. கயிற்றில் தொங்கும் வாளியைப் போல, ஹெலிகாப்டரின் உடல் அவ்விசிறியின் கீழே தொங்குகிறது. கயிறு விறைப்பாக இருக்கும்வரை வாளி சொன்னபடி கேட்கும். மேலேறிய ஹெலிகாப்டரின் மூக்கைச் சட்டெனத் தாழ்த்தினால், ஊஞ்சல் உச்சியிலிருந்து இறங்கும்போது நமக்குத் தோன்றுவதுபோல, எடை குறையும்; கயிறு தளர்ந்ததற்கு ஒப்பாகும். அந்நேரத்தில் பிடியைத் தவறாக அசைத்தால் விசிறி சாயும்; உடல் உடன்சாயாது. இறகு உடலையே வெட்டிவிடவும் கூடும். விசிறியின் வேகம் குறைந்துபோவதும் இதற்கு நிகரான ஆபத்தே. மலைமுகட்டைத் தாண்டும்போதும் காற்றுக் குலுக்கலிலும் இவ்வெச்சரிக்கை மிகுதியாக வேண்டும்.

1992 ஜூன் 29 அன்று, கலிபோர்னியாவில் ரிச்மண்ட் நகருக்கருகே, ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் ஆர்-22 ஒன்றில் பயிற்சிக்காகப் பறந்தனர். உள்ளே ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவி பாடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தது. ஆசிரியர் பேசிக்கொண்டிருக்கையிலே ஓர் ஓசை, பேச்சு அறுந்தது. இருவரும் மாண்டனர்.

சிதைவுகளை ஆராய்ந்தபோது, சுழல்விசிறியின் இறகு ஹெலிகாப்டரின் உடலில் மோதியிருந்தது தெரிந்தது. அதற்கு முன்னரும் இத்தகைய விபத்துகள் நிகழ்ந்ததுண்டு. ஆயினும் இறுதிக் கணத்தைச் சொல்ல எவரும் எஞ்சவில்லை. இம்முறை ஒலிநாடா சாட்சி சொல்லிற்று. தடுமாற்றத்தின் அறிகுறி இல்லை. வழக்கமான பாடத்தின் நடுவே, திருத்திக்கொள்ள இடமின்றி, யாவும் முடிந்துவிட்டன.

விசிறி தன் நிலையிலிருந்து விலகியது ஏன்? தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதன் முதற்காரணம் உறுதியாகவில்லை என்றே எழுதிற்று. மாண்ட மாணவர்மீது பழியைச் சுமத்தி ஏட்டை மூடிவிடுவது எளிது. வாரியம் அவ்வாறு செய்யவில்லை. இத்தகைய விபத்துகளைத் தொகுத்து ஆராய்ந்து, 1996-இல் தனி அறிக்கை வெளியிட்டது.

முழு விடை கிடைக்கும்வரை காத்திராமல், 1995-லேயே அந்நாட்டு விமானத்துறை விதி வகுத்தது. ஆர்-22-இல் மாணவர் தனியே பறக்குமுன், ஆசிரியருடன் 20 மணி நேரமேனும் அதிற் பறந்திருக்க வேண்டும். எடை குறையும் நிலை, விசிறியின் வேகக் குறைவு ஆகியவற்றின் ஆபத்துகளை அவருக்குக் கற்பிக்கவும் வேண்டும். ஆசிரியர்களுக்கும் தனித் தகுதி வரையறுக்கப்பட்டது. விசிறியின் வேகத்தைத் தானே சீர்செய்யும் கருவியும் கட்டாயமாயிற்று.

வரலாறு பயில்வோர் இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுண்டு. சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே நாம் சொல்ல வேண்டும். அறியாத இடத்தை ஊகத்தால் நிரப்பினால், இறந்தவருக்கு அநீதி செய்தவராவோம். அறிந்ததைக் கொண்டு காவல் செய்யாவிடில், இனி வருவோருக்கு அநீதி செய்தவராவோம். ஒரு மாணவருக்காகப் பதிவான பாடம் அவருக்குப் பயன்படாமற் போயிற்று. அவருக்குப்பின் பறக்கக் கற்றவர்களுக்கு அது காவலாயிற்று.