ஆங்கில ‘ஓவர்’: பொருள்கள் சொல்லிலா, சூழலிலா?

மேசைக்கு மேலே விளக்கு தொங்குவதையும், பந்து மதிலைத் தாண்டிப் போவதையும், ஊர் முழுவதும் பனி மூடிக் கிடப்பதையும், மரம் சாய்ந்து விழுவதையும், ஆட்டம் முடிந்துவிட்டதையும் ஆங்கிலத்தில் ‘ஓவர்’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு கூறலாம். பிறர்மீது செலுத்தும் அதிகாரம், நூற்றுக்கு மிகுந்த தொகை, ஒன்றை மற்றவரிடம் ஒப்படைத்தல், திரும்ப முதலிலிருந்து தொடங்குதல் ஆகியவற்றுக்கும் அதுவே. அகராதிகள் இவற்றுக்கு எண்ணிட்டு அடுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இவை உண்மையில் ஒரு சொல்லின் பல பொருள்களா, ஒரு பொருளின் பல பயன்களா என்பது 1980களிலிருந்து மொழியியலில் விடாது தொடரும் வழக்கு.

சொல்லின் பிறப்பில் சிக்கல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஓஃபெர்’. இலத்தீன் ‘சூப்பர்’, கிரேக்க ‘ஹுபெர்’, ஜெர்மன் ‘ஊபர்’, வடமொழி ‘உபரி’ எல்லாம் அதே வேரில் முளைத்தவை. வடமொழியில் ‘உபரி’க்கு ‘மேலே’ என்பது முதற்பொருள். தமிழில் நிலைத்ததோ மிகுதி என்ற பொருள். அணையிலிருந்து திறந்துவிடுவது உபரி நீர். தமிழுக்கே உரிய ‘மேல்’ என்ற சொல்லும் ‘நூற்றுக்கு மேல்’ என்னும்போது அதே பாதையில்தான் போகிறது. நெல்லைக் கொட்டக் கொட்டக் குவியல் உயர்கிறது. அளவும் உயரமும் சேர்ந்தே வளர்வதைக் கண்ட மனிதர் எம்மொழி பேசினாலும் ஒன்றைச் சொல்லி மற்றதை உணர்த்துவது இயல்பு. ஆகவே ‘ஓவர்’ மிகுதியைக் குறிப்பது ஆங்கிலத்தின் தனி விசித்திரம் அன்று. இவ்வளவு பழைய வழக்கையும் செய்தித்தாள் நடைக் கையேடுகள் நெடுங்காலம் தடுத்துவந்தன என்பதுதான் வேடிக்கை. எண்களோடு ‘ஓவர்’ வரலாம் என்று அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் கையேடு ஒப்புக்கொண்டது 2014இல்தான்.

விவாதத்தைத் தொடங்கிவைத்தது கிளாடியா புரூக்மன் 1981இல் பெர்க்லியில் அளித்த முதுகலை ஆய்வேடு. ஜார்ஜ் லேக்காஃப் அதை விரித்து 1987இல் தம் நூலில் சேர்த்தார். நடுவில் ஒரு மையப் பொருள், அதிலிருந்து ஆரக்கால்களைப் போல் பிரியும் கிளைப் பொருள்கள் என்பது அவர்கள் வரைந்த படம். பொருள்கள் தாறுமாறான பட்டியல் அல்ல, ஒன்றுக்கொன்று உறவுடையவை என்று காட்டியது பெரிய ஆதாயம். ஆனால் கிளைகள் அளவுக்கு மீறிப் பெருகின. மலையைக் கடப்பதும் மதிலைக் கடப்பதும் வெவ்வேறு பொருள். தொட்டுக்கொண்டு கடப்பதும் தொடாமல் கடப்பதும் வெவ்வேறு பொருள். மலை அகன்றது, மதில் ஒடுங்கியது என்பது மலையையும் மதிலையும் அறிந்த எவருக்கும் தெரிந்ததே. அந்த அறிவைச் சொல்லின் கணக்கில் வரவு வைக்கத் தேவையில்லை.

ஆண்ட்ரியா டைலரும் விவியன் எவன்ஸும் 2001இல் ‘லாங்குவேஜ்’ இதழில் முன்வைத்த மறுப்பு இந்த இடத்தில்தான் கைவைத்தது. பூனை மதில்மேல் தாவி அப்பால் இறங்கியது என்ற செய்தியில், பாதையைத் தருவது தாவுதல் என்ற வினை. வல்லூறு வயலுக்கு மேலே ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பதையும் ‘ஓவர்’ சொல்லும். அங்கே பாதை ஏதும் இல்லை. ஒரு பயன் தனிப்பொருளாக எண்ணப்பட வேண்டுமானால், மற்றப் பொருள்களில் இல்லாத ஒன்று அதில் இருக்க வேண்டும். சூழலைக் கொண்டு ஊகித்து அறிய முடியாத எடுத்துக்காட்டாவது ஒன்று இருக்க வேண்டும். இந்த இரு சோதனைகளில் தேறியவை 15. மிகுதி என்பதையே இரண்டாகப் பிரித்து எண்ணியிருப்பது மட்டும் அவர்கள் சோதனைக்கே முழுதும் கட்டுப்படுவதாகத் தோன்றவில்லை.

சூழலே எல்லாம் என்றும் சொல்லிவிட முடியாது. ஆட்டம் முடிந்தது என்பதற்கு ‘ஓவர்’ வரும்போது உயரமும் இல்லை, கடத்தலும் இல்லை. ஒன்றைக் கடந்து அப்பால் சேர்ந்தால் பயணம் முடிந்தது என்பது முதலில் கேட்போர் செய்துகொண்ட ஊகமாகவே இருந்திருக்கும். மீண்டும் மீண்டும் ஊகிக்கப்பட்டு அது சொல்லிலேயே படிந்துவிட்டது. இத்தகைய படிவை எலிசபெத் டிராகட் பல சொற்களின் வரலாற்றில் விளக்கியிருக்கிறார். கிரிக்கெட் நடுவரின் ‘ஓவர்’ என்ற அறிவிப்பில் பந்துகள் முடிந்ததும், ஆட்டம் மறுமுனைக்கு மாறுவதும் சேர்ந்தே ஒலிக்கின்றன. அறிவிப்பு பின்னர் பெயர்ச்சொல்லாகிப் பந்துகளின் தொகுதியைக் குறித்தது. இங்கிலாந்தில் 1889 வரை நான்கு, பிறகு ஐந்து, 1900 முதல் ஆறு என்று எண்ணிக்கை மாறியபோதும் பெயர் மாறவில்லை. வானொலித் தொடர்பில் ‘ஓவர்’ என்றால் பேச்சு முடிந்தது, இனி மறுமுனையின் முறை. ‘அவுட்’ என்றால் பதில் வேண்டாம். திரைப்படங்களில் இரண்டும் சேர்ந்து வருவது முறைப்படி முரண். கூட்டுச்சொற்களில் படிவு இன்னும் ஆழம். ‘ஓவர்சைட்’ என்பது மேற்பார்வையையும் குறிக்கும், கவனக்குறைவால் விட்டுப்போனதையும் குறிக்கும். பார்வை ஒன்றின்மேல் நிலைப்பதும் அதைத் தாண்டிப் போய்விடுவதும் ஒரே வடிவத்துக்குள் அடங்கிவிட்டன.

வரைபடங்கள் யாருடைய மனத்தைக் காட்டுகின்றன, பேசுவோருடையதையா மொழியியலாருடையதையா என்று டொமினிக் சாண்ட்ராவும் சாலி ரைஸும் 1995இல் கேட்டது இன்றும் கூர்மையான கேள்வி. வரலாற்றில் ஒரு பொருள் மற்றொன்றிலிருந்து பிறந்ததால், இன்று பேசுபவர் மனத்திலும் அவை இணைந்திருக்கும் என்பது உறுதியில்லை.

இதற்குத் தமிழ்ப் பேச்சு ஒரு சான்று தருகிறது. ‘ஓவராப் பேசாதே’, ‘மேட்ச் ஓவர்’, ‘கடைசி ஓவர்’ என மிகுதியும் முடிவும் கிரிக்கெட்டும் தமிழுக்குள் தனித்தனியே வந்துள்ளன. மேசைக்கு மேலே விளக்கு என்னும் மையப் பொருள் வரவேயில்லை. மையம் இல்லாமலே கிளைகள் வேறு மொழியில் வேர் பிடிக்கின்றன என்றால், அவை ஆங்கிலத்திலேயே ஓரளவு தனித்து நின்றவை எனக் கொள்ள இடமுண்டு. எனினும் இச்சான்றை அளவோடுதான் பயன்படுத்த வேண்டும். இடத்தைச் சுட்டும் வேலைக்குத் தமிழில் வேற்றுமை உருபுகளும் ‘மேல்’ போன்ற சொல்லுருபுகளும் ஏற்கெனவே உள்ளன. பெயருக்கு முன்னால் வரும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்த் தொடரில் இடமும் இல்லை. மையப் பொருள் வராமைக்கு இலக்கணமும் ஒரு காரணம்.