பெயர் எழுதப்படாத வாத்தியக்காரர்கள்



இந்த நூற்றாண்டு விழா மலருக்காக நம் ஆலயத்தின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தேன். பங்குத்தந்தையர் அனைவரின் பெயர்களும், அவர்கள் வந்த தேதியும் சென்ற தேதியும் அவற்றில் ஒழுங்காக எழுதப்பட்டுள்ளன. மணி வாங்கித் தந்தவர், பீடத்துக்குக் கல் பதித்தவர், கொடிமரம் நாட்டியவர் ஆகியோரின் பெயர்களும் உள்ளன. ஆர்மோனியம் வாங்கிய செலவு ரூபாய், அணா, பைசா வரை எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த ஆர்மோனியத்தை வாசித்தவர் யார் என்பது மட்டும் ஓரிடத்திலும் காணப்படவில்லை.

இந்தக் குறை நம் பங்குக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டின் இசை வரலாறு முழுவதிலும் இக்குறை உண்டு. அழைத்தபோது சென்று, பிறருடைய பாட்டுக்கு வாசித்து, அன்றைய கூலியைப் பெற்றுத் திரும்பிய வாத்தியக் கலைஞர்களின் வரலாறு அது. அவர்களில் பலரை வளர்த்தது ஓர் ஆலயத்தின் பாடகர் மேடைதான் என்பதால், இம்மலரில் அதை எழுதுவது பொருந்தும் என்று எண்ணுகிறேன்.

கோவாவின் பங்குப் பள்ளிகள்

கோவாவுக்குத் திருப்பயணம் சென்று புனித சவேரியாரின் திருவுடலைத் தரிசித்து வந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு. 1510-ம் ஆண்டில் போர்ச்சுகீசியர் கைப்பற்றிய அந்நாட்டில், ஆலயங்களை ஒட்டிப் பங்குப் பள்ளிகள் எழுந்தன. அங்கே பிள்ளைகளுக்கு ஞான உபதேசமும் எழுத்தும் கற்பித்ததோடு, சுரம் பார்த்துப் பாடவும் வயலின் வாசிக்கவும் கற்பித்தார்கள். கற்பித்த ஆசானை ‘மெஸ்த்ரி’ என்று அழைத்தனர். நம் ஊரில் கட்டட வேலையை மேற்பார்க்கும் ‘மேஸ்திரி’ என்ற சொல்லும் அதே போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து வந்ததே.

அது அந்நிய ஆட்சியோடு வந்த கல்வி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் அது ஒரு கைத்தொழிலைத் தந்தது. ஐந்து கோடுகளின் மேல் எழுதப்பட்ட இசையை, முன்பின் கேட்டிராத போதும், பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் திறமையே அத்தொழில். கோவாவில் வேலை அரிதாக இருந்த காலத்தில், இத்திறமையை மூலதனமாகக் கொண்டு எத்தனையோ இளைஞர்கள் பம்பாய்க்குச் சென்றார்கள். தோபி தலாவ் பகுதியில் அவரவர் கிராமத்தின் பெயரால் நடந்த ‘குட்’ என்னும் விடுதிகளில் தங்கினார்கள். அங்கே ஒரு சிறு பீடம் இருக்கும். மாலையில் ஜெபமாலை சொல்லுவார்கள். பிறகு ஓட்டல்களிலும் நடன அரங்குகளிலும் வாசிக்கச் செல்லுவார்கள்.

பம்பாயின் ஒலிப்பதிவுக் கூடங்கள்

1931-ம் ஆண்டில் இந்தியாவில் பேசும் படம் பிறந்தது. தொடக்கத்தில் பெரிய படக் கம்பெனிகள் இசைக் கலைஞர்களை மாதச் சம்பளத்துக்கு வைத்திருந்தன. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அந்த முறை குலைந்தது. படத்துக்குப் படம் வேறு முதலாளி, பாட்டுக்குப் பாட்டு வேறு கூடம் என்ற நிலை வந்தது. மாதச் சம்பளக்காரர் தினக்கூலிக்காரர் ஆனார். தாதரிலும் தார்தேவிலும் பாந்திராவிலும் இருந்த கூடங்களுக்கு வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதே வாழ்க்கையாயிற்று.

அக்காலத்து ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்பதை இளைஞர்கள் அறிய வேண்டும். இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். அதைச் சுரக்குறிப்பாக எழுதி, வயலின்களுக்கு எந்தப் பகுதி, ஊதுகருவிகளுக்கு எந்தப் பகுதி என்று பிரித்து, சரணங்களுக்கு இடையே வரும் இசையையும் அமைத்துத் தருபவர் ‘அரேஞ்சர்’. பாடகரும் வாத்தியக்காரர் அனைவரும் ஒரே கூடத்தில் கூடி, ஒரே மூச்சில் பாட்டை முடிக்க வேண்டும். நாற்பது பேரில் ஒருவர் பிசகினாலும் பாட்டு முழுவதையும் மறுபடி தொடங்க வேண்டும். செவிவழியாகக் கற்ற நம் நாட்டு வித்துவான்களின் ஞானம் ஆழமானது; ஆனால் இத்தனை பேர் ஒன்றுசேர்ந்து வாசிப்பதற்கு எழுதிய தாள் வேண்டியிருந்தது. அந்தத் தாளை எழுதவும் படிக்கவும் தெரிந்தவர்களில் மிகப் பலர் கோவாவின் பங்குப் பள்ளி மரபில் வந்தவர்கள்.

செபஸ்தியான் டிசூசா, நாடு பிரிக்கப்படும் முன் லாகூரில் வாசித்தவர். பிரிவினைக்குப் பின் பம்பாய்க்கு வந்து, சங்கர்-ஜெய்கிஷன் பாடல்களுக்கு நெடுங்காலம் இசைக்கோர்வை அமைத்தார். அல்தோனா ஊரில் பிறந்து ‘சிக் சாக்லெட்’ என்ற பெயரில் டிரம்பெட் வாசித்த அந்தோனியோ வாஸ், சி. ராமச்சந்திராவுடன் பணியாற்றினார். நாடே பாடிய பாடல்களில் இவர்களது கைவண்ணம் இருந்தது. ஆனால் இசைத்தட்டின் மேல் ஒட்டிய வட்டத்தாளில் படத்தின் பெயரும், பாடகர், இசையமைப்பாளர் பெயர்களுமே இருக்கும். வாசித்தவர் பெயருக்கு அதில் இடமில்லை.

ஒரு மெஸ்த்ரியின் மகன்

தெற்குக் கோவாவில் மஜோர்டா என்ற ஊரில், ஆலயப் பாடகர் குழுவின் ஆசானுக்கு 1927-ல் பிறந்தவர் அந்தோனி கொன்சால்வஸ். தந்தையிடம் வயலின் கற்று, 1940-களில் பம்பாய்க்குச் சென்று, நௌஷாத் குழுவில் சேர்ந்தார். பின்னாளில் இசையமைப்பாளராகப் புகழ்பெற்ற பியாரேலாலுக்கு வயலின் கற்பித்தவர் இவரே. இந்துஸ்தானி ராகங்களை மேலைநாட்டு இசைக்குழுவின் வழியே ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பது இவரது வாழ்நாள் கனவு. 1958-ம் ஆண்டில் சொந்த முயற்சியால் பெரியதோர் இசைக்குழுவைத் திரட்டி, லதா மங்கேஷ்கர், மன்னா டே ஆகியோரைப் பாட வைத்து, பம்பாய் புனித சவேரியார் கல்லூரி முற்றத்தில் கச்சேரி நடத்தினார். 1960-களின் நடுவில் அமெரிக்கா சென்று, பின்பு தம் ஊருக்கே திரும்பி அமைதியாக வாழ்ந்தார்.

1977-ம் ஆண்டில் வந்த ‘அமர் அக்பர் அந்தோணி’ படத்துக்கு இசையமைத்த இருவரில் பியாரேலால் ஒருவர். தம் ஆசிரியருக்குக் காணிக்கையாக, கதாநாயகனின் பெயரை அந்தோனி கொன்சால்வஸ் என்று பாட்டில் ஒலிக்கச் செய்தார். அந்தப் பெயரைத் தேசமே பாடியது. ஆனால் அப்பெயருக்கு உரியவர் மஜோர்டாவில் உயிரோடு இருக்கிறார் என்பதைப் பாடியவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? 2012-ம் ஆண்டு ஜனவரியில் அவர் இறைவனடி சேர்ந்தார்.

சென்னையில்

நம் சென்னையிலும் இதே கதைதான். மேலை இசையை மாணவர் பலருக்குக் கற்பித்த தன்ராஜ் மாஸ்டரை, இளையராஜாவின் ஆசிரியர் என்ற அளவிலேனும் நாம் அறிவோம். இளையராஜாவும் 1976-ல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன் பிறருடைய பாடல்களுக்குக் கிட்டார் வாசித்தவரே. ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர், மலையாளப் படங்களுக்கு இசைக்கோர்வை அமைத்துக் கொடுத்தவர். அவர் 1976-ல் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. வீட்டிலிருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அழைத்தால் கூலி, நோயுற்றால் ஒன்றுமில்லை என்ற தொழிலின் நிலை அப்படிப்பட்டது.

இந்நிலையை மாற்ற முயன்றவர்களில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் முதன்மையானவர். திரைப்பட வாத்தியக் கலைஞர்களைச் சென்னையில் சங்கமாக ஒன்று திரட்டியவர் அவர். 1891-ம் ஆண்டில் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தமது சுற்றுமடலில் நியாயமான கூலியையும், தொழிலாளர் சங்கமாய்க் கூடும் உரிமையையும் வலியுறுத்தினார் அல்லவா? பொதுவுடைமை எண்ணம் கொண்ட அந்த இசைவாணர் செய்ததும் அந்த நீதியையே சார்ந்தது.

சட்டமோ மெதுவாக வந்தது. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் வாசிப்பவருக்கென்று தனி உரிமை இல்லை. 1994-ல் வந்த திருத்தமே அதை முதலில் தந்தது. 2012-ல் வந்த திருத்தம் வணிகப் பயனில் அவருக்குப் பங்கு உண்டு என்றது. ஆனால் அதே திருத்தத்தில், திரைப்படத்தில் தற்செயலாகப் பங்குபெற்று, தொழில் வழக்கப்படி பெயர் எங்கும் குறிப்பிடப்படாதவர், ஓர் உரிமை தவிர மற்றவற்றுக்கு நிகழ்த்துகலைஞராகக் கருதப்பட மாட்டார் என்றும் எழுதியிருக்கிறது. பெயர் எழுதுவது வெறும் மரியாதை அன்று. அது ஒருவருடைய உரிமையையும் தொட்டு நிற்கிறது என்பதை இதிலிருந்து அறியலாம்.

இன்றைய இளைஞர்

1983-ல் மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ‘மிடி’ முறை வந்தது. அதன்பின் கணினியும் வந்தது. நாற்பது வயலின்களின் ஒலியை ஒரே விசைப்பலகை தந்தபோது, வயலின்காரர் பலர் வேலை இழந்தனர். இன்று ஓர் இளைஞர் தம் வீட்டு அறையிலேயே இசைக்கோர்வை அமைக்கிறார், வாசிக்கிறார், ஒலிப்பதிவு செய்கிறார், பல ஒலிகளையும் கலந்து பாட்டாக்கித் தருகிறார். ‘மியூசிக் புரொட்யூசர்’ என்று அவரை அழைக்கிறார்கள். அன்று பலர் செய்த வேலையை ஒருவரே செய்கிறார். கருவிகளைக் கடன் வாங்கி வாங்குகிறார். கூலி மட்டும் அன்றுபோலவே எப்போது வரும் என்று தெரியாது. வைப்பு நிதியும் இல்லை, மருத்துவ விடுப்பும் இல்லை.

இத்தகைய பிள்ளைகள் நம் பங்கிலும் இருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்கு அவர்கள் அன்போடு வாசிப்பது இறைவனுக்குச் செய்யும் காணிக்கை. அதற்கு அவர்கள் ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் நம் வீட்டுத் திருமணத்துக்கும், நாம் வெளியிடும் பாடல் தொகுப்புக்கும் அவர்களை அழைத்து, பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் பேசியபடி பணம் கொடுத்துவிட்டு, வாசித்தவருக்கு மட்டும் ஒரு பொன்னாடை போர்த்தி அனுப்புவது நியாயம் ஆகுமா? “நம்ம பையன்தானே சாமி” என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். நானும் அதைக் கேட்டுப் பேசாமல் இருந்ததுண்டு. நம்ம பையன் என்பதற்காகவே அவனுக்குக் கூடுதல் அக்கறை காட்ட வேண்டும் அல்லவா? வயலில் அறுவடை செய்தவரின் கூலியைப் பிடித்து வைத்தோரைப் புனித யாகப்பர் தம் திருமுகத்தில் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பாடகர் குழுவினர் செய்வது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்று 1963-ம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிக்கையிட்டது. ஆகவே இந்த நூற்றாண்டு நினைவாக இரண்டு காரியங்களைத் தொடங்குவோம். பங்கின் பெயரால் நடக்கும் ஒலிப்பதிவு எதிலும் வாசிப்பவர் ஒவ்வொருவருடைய பெயரும் அச்சிடப்பட வேண்டும். பேசிய கூலி அன்றைக்கே தரப்பட வேண்டும். அடுத்து, நம் பாடகர் மேடையில் இதுவரை வாசித்தவர்களின் பெயர்களை ஓர் ஏட்டில் எழுதி வைப்போம். தாத்தா தபேலா வாசித்தார், பெரியப்பா பிடில் வாசித்தார், அத்தை ஆர்மோனியம் வாசித்தார் என்று நினைவுள்ளவர்கள் பங்கு அலுவலகத்துக்கு வந்து சொல்லுங்கள். முதல் பக்கத்தில் சில வரிகளை வெறுமையாக விட்டிருக்கிறேன். அந்த முதல் ஆர்மோனியத்தை வாசித்தவரின் பெயர் யாருடைய வீட்டிலாவது இன்னும் உயிரோடு இருக்கும் என்று நம்புகிறேன்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை