தோட்டப் பள்ளியும் வினாவெழுப்பும் கல்வியும்

தஞ்சோங் மாலிம் நகரைத் தழுவி ஓடும் பெர்ணம் ஆறு, சிலாங்கூரின் வட எல்லையாக நீண்டு, சபாக் பெர்ணம் வட்டாரத்தையொட்டிக் கடலில் கலக்கின்றது. அவ்வட்டாரத்துச் சிற்றூரே சுங்கை ஆயர் தாவார். ஆற்றின் மேற்புறத்தில் ஆசிரியரை உருவாக்கும் கல்விக்கூடம். கீழ்ப்புறத்தில் தோட்டத்துத் தமிழ்ச் சிறார். இவ்விரண்டிற்கும் இடையே நெடுங்காலம் நிலவிய தொலைவு, மலேசியத் தமிழ்க் கல்வி வரலாற்றின் ஒரு கூறாகும்.

1917இல் கோலசிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பெற்றது. ரப்பரும் தென்னையும் செம்பனையும் பெருகத் தமிழ்த் தொழிலாளரும் பெருகினர். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, பயிற்சி பெற்ற ஆசிரியரோ அரியர். பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, எழுத்தறிந்த தொழிலாளியோ ஆசிரியரானார். மலாய் ஆசிரியர்க்கென 1922இல் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிசு பயிற்சிக் கல்லூரி தோன்றியது. அதனையொத்த கல்லூரி தமிழாசிரியர்க்கு அன்று வாய்க்கவில்லை. எழுத்தும் எண்ணும் கற்ற பிள்ளை மீண்டும் பால்மரத்தடிக்கே சென்றான். ஏன் என்று வினவும் பழக்கம் கற்பித்தவருக்கும் இல்லை, கற்றவனுக்கும் இல்லை.

அவ்வினாவைக் கல்வியின் நடுவே வைத்தவர் பிரேசில் நாட்டுப் பாவ்லோ பிரெய்ரே. 1963இல் அங்கிக்கோசு என்னும் ஊரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்க்கு 40 மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவூட்ட அவர் முனைந்தார். அவர்தம் வாழ்வில் வழங்கிய சொற்களையே எடுத்து, அவற்றைப் பற்றி உரையாடச் செய்து, எழுதக் கற்பித்தார். ஆசிரியர் கொட்ட மாணவர் நிரப்பிக்கொள்ளும் முறையை, வங்கியில் பணமிடுவதற்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். 1964இல் இராணுவ ஆட்சி அவரைச் சிறையிலிட்டது. பின்னர் அவர் நாடு நீங்க நேர்ந்தது. எழுத்தறிவு வினாவாக மாறுங்கால் ஆள்வோர் அஞ்சுவர் என்பதற்கு இதுவே சான்று.

சுல்தான் இட்ரிசு கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாயிற்று. இன்று அங்கே தமிழ்க்கல்வியும் பயிற்றப்படுகின்றது. பயிற்சி மாணவர் 'பால்வாளி' என்னும் சொல்லைப் பாடமாக்கட்டும். 'தண்ணீர்க்குடம்' போல அதுவும் இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையே. இலக்கணம் அங்கே நிற்க, அவ்வாளியைச் சுமந்தவர் யார், கூலியை வகுத்தவர் யார், பாட்டி ஏன் பள்ளிக்குச் செல்லவில்லை என்னும் வினாக்கள் தொடரட்டும். தோட்டத்துக் குடும்பங்கள் பல பட்டணம் பெயர்ந்துவிட்ட இந்நாளில், இவ்வினாக்களே பிள்ளைகளைத் தம் வரலாற்றோடு பிணைக்கும்.

ஆயினும் ஒன்று உணரத்தக்கது. பயிற்சிக் காலத்தில் வாய்மூடிக் குறிப்பெடுத்தவர், வகுப்பில் பிள்ளையைப் பேசவிடார். வினவக் கற்ற ஆசிரியரே வினவக் கற்பிப்பார். தமிழாசிரியர் பயிற்சி தொடங்க வேண்டிய இடம் அதுவே.