ரெண்டு டர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், கையில காசு இல்ல

குறைஞ்ச பட்ஜெட்ல டிஜே செட்டப் வாங்கணும், எதுல காசு போடலாம், எதுல மிச்சம் பிடிக்கலாம்? இந்தக் கேள்விக்கு யூடியூப்ல எக்கச்சக்க வீடியோ இருக்கு. ஆனா 50 வருஷத்துக்கு முன்னாடியே நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில சில பசங்க இதே கேள்வியோட மல்லுக்கட்டினாங்க. இந்த எபிசோட் அவங்களைப் பத்தி.

1973 ஆகஸ்ட் 11. செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடம். ஸ்கூல் திறக்கப்போகுது, சிண்டி கேம்பெல்லுக்குப் புதுத்துணி வாங்கப் பணம் வேணும். அதுக்காக ஒரு பார்ட்டி வச்சாங்க. பொண்ணுங்களுக்கு 25 சென்ட், பசங்களுக்கு 50 சென்ட். பாட்டுப் போட்டது அவங்க அண்ணன் கூல் ஹெர்க். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள்னு இன்னைக்கு கொண்டாடுறது இந்த நாளைத்தான்.

டிஸ்கோ கிளப்கள்ல ரெண்டு டர்ன்டேபிள் ஏற்கெனவே இருந்துச்சு. ஒரு பாட்டு முடியும்போது அடுத்தது தொடங்கணும், அவ்வளவுதான் அதோட வேலை. ஹெர்க் கவனிச்சது வேற. பாட்டு நடுவுல டிரம்ஸ் மட்டும் தனியா வர்ற சில நொடிகளுக்குத்தான் கூட்டம் காத்திருக்கு. அதனால ஒரே ரெக்கார்டுல ரெண்டு பிரதி வச்சு, அந்தத் துண்டை மாத்தி மாத்தி ஓட்டினார். ஆனா ஊசியைக் கண் மதிப்புலதான் வைப்பார். தாளம் சில சமயம் தட்டும்.

அதைச் சரிபண்ணக் கிளம்பினவர்தான் ஜோசப் சாட்லர், பின்னாளில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ். தொழிற்கல்விப் பள்ளியில எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பையன். குப்பையில கிடந்த சாமான்களைப் பிரிச்சு மேயுறது பழக்கம். அடுத்த ரெக்கார்டை ஹெட்ஃபோன்ல முன்கூட்டியே கேட்கிற வசதி பெரிய கிளப் மிக்ஸர்கள்ல இருந்துச்சு, விலைதான் எட்டாது. அதனால ஒரு சாதாரண மைக் மிக்ஸரை எடுத்தார். டர்ன்டேபிள் ஊசி தர்ற சிக்னல் ரொம்பப் பலவீனமானது, அதைப் பெருக்க ஒரு ப்ரீஆம்ப் சேர்த்தார். இடதா வலதான்னு மாத்திக் கேட்க ஒரு ஸ்விட்ச்சைப் பசை போட்டு ஒட்டினார். இன்னைக்கு மலிவான மிக்ஸர்ல கூட ‘க்யூ’ன்னு ஒரு பட்டன் இருக்குமே, அதே வேலை.

அடுத்த தொல்லை ரப்பர் மேட். ரெக்கார்டைக் கையால பின்னுக்கு இழுத்தா, கீழே சுத்துற தட்டும் சேர்ந்து இழுபடும். ஃபெல்ட் துணியில வட்டமா வெட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணி விறைப்பாக்கினார். ரெக்கார்ட் வழுக்குச்சு. இப்போ ஸ்லிப்மேட்னு கடையில காசு கொடுத்து வாங்குறோம்!

மிக்ஸரை ஒட்டுப்போடலாம், மேட்டை வெட்டலாம். மோட்டாரை மட்டும் வீட்டில் செய்ய முடியாது. பெல்ட் டிரைவ்ல மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவுல ஒரு ரப்பர் பெல்ட். கை வச்சா வேகம் விழும், மறுபடி பிடிக்க நேரம் ஆகும். டைரக்ட் டிரைவ்ல மோட்டாரே தட்டை நேரடியா சுத்தும். ஜப்பானின் மாட்சுஷிடா நிறுவனம் 1972-ல கொண்டுவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வீட்டில் உட்கார்ந்து நிம்மதியா பாட்டுக் கேட்கிறவங்களுக்கான மெஷின். டிஜேக்கள் அதைப் பிடுங்கிக்கிட்டாங்கன்னே சொல்லலாம். 1979-ல வந்த எம்கே2 மாடல் நின்ன நிலையிலிருந்து 0.7 நொடியில முழு வேகம் பிடிக்கும்.

1977 ஜூலை 13 ராத்திரி நியூயார்க் முழுக்க கரண்ட் போச்சு, கடைகள் சூறையாடப்பட்டுச்சு. அதுக்கப்புறம் திடீர்னு நிறைய புது டிஜேக்கள் முளைச்சதா அந்தக் காலத்து ஆட்களே பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. ஹிப் ஹாப் வளர்ந்ததே அந்தக் கொள்ளையாலன்னு சிலர் இழுக்கிறது எனக்கு ஒப்பல. ஹெர்க் பார்ட்டி அதுக்கு 4 வருஷம் முந்தியது. ஆனா ஆர்வமும் திறமையும் இருந்தும் எத்தனை பேரை விலை மட்டுமே வெளியில நிறுத்தி வச்சிருந்துச்சுன்னு அந்த ராத்திரி காட்டுது.

அப்போ உங்க பட்ஜெட்? மிக்ஸர்ல மிச்சம் பிடிங்க. ரெண்டு சேனல், கிராஸ்ஃபேடர், க்யூ, ஃபோனோ இன்புட் இருந்தா ஆரம்பத்துக்குப் போதும். மிச்சக் காசெல்லாம் டைரக்ட் டிரைவுக்கு. டிஜே டெக் மாதிரியே தோற்றம், உள்ளே பெல்ட், அப்படியும் விக்கிறாங்க, பார்த்து வாங்குங்க. செகண்ட் ஹேண்ட்னா கையோட ஒரு ஸ்லிப்மேட் எடுத்துட்டுப் போங்க. ரெக்கார்டை ஓடவிட்டு விரலால மெதுவா பிடிங்க. அடியில தட்டு அதே வேகத்துல சுத்தணும். திணறி நின்னுச்சுன்னா, நன்றி சொல்லிட்டு கிளம்பிடுங்க.