கிடங்கின் இரண்டு வாசல்கள்

மேற்கு லண்டனில் பிளைத் ஹவுஸ் என்றொரு பெரிய செங்கல் கட்டடம் இருக்கிறது. 1899இல் தொடங்கி 1903இல் கட்டி முடித்தார்கள். பிரிட்டனின் அஞ்சலகச் சேமிப்பு வங்கிக்குத் தலைமையகமாகக் கட்டப்பட்டது. அதில் ஆண் ஊழியர்கள் நுழைய ஒரு வாசல், பெண் ஊழியர்கள் நுழைய வேறொரு வாசல்.

அந்த வங்கி 1875இலேயே பெண்களை எழுத்தர்களாக எடுக்கத் தொடங்கிவிட்டது. ஆண் எழுத்தர்கள் எதிர்த்தார்கள். நிர்வாகம் பின்வாங்கவில்லை, அதே வேலையைக் குறைந்த சம்பளத்தில் செய்து கொடுக்கப் படித்த பெண்கள் கிடைத்தபோது ஏன் பின்வாங்கப் போகிறது? ஆண்களும் பெண்களும் ஒரே அறையில் உட்காரக் கூடாது, ஒரே வாசலில் வரக் கூடாது. திருமணமானால் வேலையை விட்டுப் போக வேண்டும். இந்தத் திருமணத் தடை பிரிட்டிஷ் அரசுப் பணியில் 1946 வரை இருந்தது. நாட்டின் சில்லறைச் சேமிப்பையெல்லாம் லெட்ஜரில் வரவு வைத்த பெண், கல்யாணப் பத்திரிகை அடித்ததும் தன் மேசையைக் காலி செய்தாள். என் அம்மாவின் அஞ்சலக பாஸ்புக்கில் இருந்த அழகான கையெழுத்து யாருடையதென்று நானும் ஒருநாளும் கேட்டதில்லை.

வங்கி இடம்பெயர்ந்த பிறகு, 1970களின் இறுதியிலிருந்து, அந்தக் கட்டடம் மூன்று அருங்காட்சியகங்களின் கிடங்கானது: விக்டோரியா ஆல்பர்ட், பிரிட்டிஷ் மியூசியம், அறிவியல் அருங்காட்சியகம். காட்சிக் கூடத்தில் இடமில்லாதவை எல்லாம் இங்கே வந்தன. எந்தப் பெரிய அருங்காட்சியகத்திலும் நாம் பார்ப்பது கையளவுதான். மீதி கிடங்கில் இருக்கும். எதைக் கூடத்தில் வைப்பது, எதை உள்ளே அனுப்புவது என்ற முடிவுக்குள் ஒரு வரலாற்றுப் பார்வை இருக்கிறது. ஓவியமும் சிற்பமும் சுவரையும் மேடையையும் பிடித்துக்கொள்ளும். துணி, உடுப்பு, தையல் வேலை, அடுப்படிச் சாமான் ஆகியவற்றில் பெரும்பகுதி இழுப்பறைக்குள் போகும். வெளிச்சம் பட்டால் துணி நிறம் வெளுக்கும் என்பது உண்மையான காரணம். அந்த உண்மை இன்னொரு காரணத்தை மறைத்துக்கொள்ள வசதியாகவும் இருந்தது.

2015இல் பிரிட்டிஷ் அரசு கட்டடத்தை விற்பதென முடிவெடுத்தது. மூன்று அருங்காட்சியகங்களும் மூட்டை கட்டின. விக்டோரியா ஆல்பர்ட் எடுத்த முடிவு மற்ற இரண்டிலிருந்தும் வேறுபட்டது. கிழக்கு லண்டனில், 2012 ஒலிம்பிக்கின்போது ஊடக மையமாக இருந்த கட்டடத்தின் ஒரு பகுதியில், கிடங்கையே பொதுமக்கள் நடந்து பார்க்கும் இடமாக மாற்றியது. 2025 மே 31 அன்று அது திறந்தது. பெயர் ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள், மூன்றரை லட்சம் நூல்கள், ஆயிரம் ஆவணத் தொகுப்புகள். நுழைவு இலவசம். இத்தனையையும் ஒவ்வொன்றாக எடுத்து, சரிபார்த்து, பட்டைக்குறி ஒட்டி, கட்டி, ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுபோனார்கள். வீடு மாற்றும்போது பரணிலிருந்து பாட்டியின் பித்தளைத் தூக்கு இறங்குமே, அதுபோலப் பல பத்தாண்டுகளாக யார் கண்ணிலும் படாதவை வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

நான் அங்கே போனதில்லை. எனக்குத் தெரிந்த ஸ்டோர்ஹவுஸ் அதன் இணையப் பட்டியல்தான். ஆனால் அந்தப் பட்டியல்தான் அந்த இடத்தின் இரண்டாவது வாசல் என்று நினைக்கிறேன். யார் வேண்டுமானாலும் பட்டியலில் தேடி ஐந்து பொருட்கள் வரை தேர்ந்தெடுத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம். குறித்த நாளில் அவற்றை எடுத்து வைத்திருப்பார்கள். ஊழியர் துணையோடு அருகில் உட்கார்ந்து பார்க்கலாம். பரிந்துரைக் கடிதம் வேண்டாம், ஆய்வாளர் என்ற அடையாளமும் வேண்டாம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். முனைவர் பட்ட ஆய்வின்போது நம்மூர் அருங்காட்சியகம் ஒன்றுக்கு அல்லி கதைச் சுவடி ஒன்றைப் பார்க்கப் போனேன். ஆணே இல்லாமல் நாடாண்ட அல்லியைத் தேடிப் போனவளிடம் முதல் கேள்வி, "கூட யாரும் வரலியாம்மா?" மூன்று நாள் சாவி வைத்திருப்பவர் லீவு. நான்காம் நாள் நெறியாளரின் கடிதம் கேட்டார்கள். அதையும் கொண்டுபோனேன். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அப்படியொரு பெயரே இல்லையே என்றார்கள். வேறு பெயரில் பதிந்திருக்கலாம் என்றேன். "லிஸ்டுல இல்லாதது இங்க இல்லம்மா." சாவி வந்தும் கதவு திறக்கவில்லை.

ஆகவே ஸ்டோர்ஹவுஸைப் பற்றிப் படித்தபோது எனக்கு முதலில் எழுந்த கேள்வி, பட்டியலை எழுதியது யார், எந்தச் சொற்களில் என்பதுதான். தேடினால் கிடைப்பதைத்தானே கேட்க முடியும்?

அங்கே நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ள பெரிய பொருட்களில் ஒன்று ஒரு சமையலறை. 1926இல் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி, ஃபிராங்க்ஃபர்ட் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக வடிவமைத்தது. ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். அரிசி, சர்க்கரைக்குப் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள், மடக்கி வைக்கும் இஸ்திரிப் பலகை, உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி. நடை மிச்சப்பட வேண்டும், பெண்ணுக்கு நேரம் மிச்சப்பட வேண்டும் என்பது அவர் கணக்கு. சுமார் பத்தாயிரம் வீடுகளில் பொருத்தினார்கள். ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய அறை என்பதால் அது பெண்ணைத் தனியாக அடைத்தது என்று பின்னால் வந்த பெண்ணியவாதிகள் சொன்னார்கள். அதுவும் சரிதான், அந்த அகலத்தில் கணவர் உதவிக்கு வரமுடியாது, வராததற்குச் சாக்கும் ஆயிற்று. மார்கரெட் நாஜிகளை எதிர்த்து இயங்கி 1941இல் கைதாகி, போர் முடியும்வரை சிறையில் கிடந்தவர். நூற்று மூன்று வயதைத் தொட இருந்தபோது, 2000இல் இறந்தார். தன்னை அந்தச் சமையலறையோடு மட்டும் சேர்த்துப் பேசுவது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. ஆனாலும் அவருக்குப் பெயர் இருக்கிறது. தேடினால் கிடைக்கிறார்.

நம் கடற்கரையிலிருந்து போன துணிகளுக்கு வருவோம். சீட்டித் துணி என்று நம் பாட்டிகள் சொன்ன அந்தப் பூப்போட்ட பருத்தி பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவையே ஆட்டிவைத்தது. உள்ளூர் நெசவாளர்களைக் காக்க இங்கிலாந்து அதைத் தடைசெய்யும் அளவுக்கு ஆட்டிவைத்தது. டேவிட் கேரிக் என்ற புகழ்பெற்ற நடிகருக்கு மசூலிப்பட்டினத்துச் சீட்டியில் கட்டில் திரைகள் வந்தன. 1775 வாக்கில் சுங்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தார்கள். கேரிக் தன் மனைவியின் வருத்தத்தைச் சொல்லித்தான் மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தத் திரைகள் இப்போது விக்டோரியா ஆல்பர்ட்டிடம் உள்ளன. பட்டியலில் அவை கேரிக்கின் கட்டில். துணிக்காக அழுத ஈவா மரியா, வியன்னாவிலிருந்து வந்த நடனக் கலைஞர். கணவருக்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர். அவர் பெயர் கதைக்குள் துணைப் பாத்திரமாக வருகிறது. துணியைச் செய்தவர்கள் பெயர் எதற்குள்ளும் வரவில்லை. செய்தவர்: தெரியவில்லை. இடம்: சோழமண்டலக் கடற்கரை. இதே இரண்டு வரிகளை எத்தனையோ சீட்டிகளின் பதிவில் பார்த்திருக்கிறேன். சாய வேரின் சிவப்பு இருக்கிறது, மெழுகு தொட்டு எழுதிய கோடு இருக்கிறது, அந்த நூலை நூற்ற பெண்கள் இல்லை.

தெரியவில்லை என்ற சொல்லில் எனக்கு ஐயம் உண்டு. 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி 18 தொகுதிகளில் 700 மாதிரிகள் தொகுத்தார். சென்னை மாகாணத் துணிகளும் அதில் உண்டு. இங்கிலாந்து ஆலைகள் பார்த்து நகலெடுக்கட்டும் என்பது நோக்கம். நீளம், அகலம், எடை, வாங்கிய ஊர், விலை என்று எழுதிவைத்தவர்களுக்கு நெய்தவர் பெயரைக் கேட்பது கடினமான வேலையா? கேட்கவில்லை. 'கேட்கவில்லை' என்று போட வேண்டிய இடத்தில் 'தெரியவில்லை' என்று போடுகிறோம்.

என் பழைய மாணவி ஒருத்தி கிழக்கு லண்டனில் வேலை பார்க்கிறாள். "மேடம், நான் போய்ப் பார்த்துட்டு வரேன், லிஸ்ட் கொடுங்க" என்றாள். பதிவு எண்களோடு நான்கு எழுதி அனுப்பினேன்: இரண்டு சீட்டித் துண்டுகள், ஒரு பாவாடை, ஒரு சீலை. நான்குமே செய்தவர் பெயரில்லாதவை. தையல் மடிப்பின் உள்பக்கத்தைப் பார், நூல் எங்கே முடிச்சிடப்பட்டிருக்கிறது என்று பார், முடிந்தால் படம் எடு என்று எழுதினேன். ஐந்தாவது அவள் இஷ்டம் என்றேன். 1954ஆம் ஆண்டின் பாலென்சியாகா பட்டு கவுன், ரோஜா நிறம் என்று பதில் வந்தது. அங்கே தொடக்க மாதங்களில் மிக அதிகம் பேர் கேட்டது அதைத்தானாம்.