கோபுரச் சின்னத்தின் கதை

ஜெர்மனியில் சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் சிற்றூர்களுக்குக்கூடத் தனிக் கொடியும் சின்னமும் உண்டு. பட்டு நெசவுக்குப் பேர்போன நம்ம ஆரணியில் அரசு அலுவலகப் பலகைகளில் தெரிவதோ தமிழக அரசின் கோபுரச் சின்னம்தான். சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகிய அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது.

சின்னம் நமக்குப் புதிதல்ல. சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன். ஆனால் அவை அரச குலங்களின் அடையாளங்கள். மக்களாட்சியில் ஒரு மாநிலத்துக்கு எதைச் சின்னமாக வைப்பது?

சுதந்திரம் கிடைத்த சமயத்தில் சென்னை மாகாணத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ஓவியர் ஆர்.கிருஷ்ணாராவ் வரைந்த சின்னம் 1949ல் நடைமுறைக்கு வந்தது. பின்னால் கோபுரம், முன்னால் அசோகரின் சிங்க முகப்பு, இருபுறமும் தேசியக் கொடி. அது ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் என்பார்கள் பலர். இல்லை, மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் மேற்குக் கோபுரம் என்பார்கள் வேறு சிலர். மதச்சார்பற்ற அரசுக்குக் கோயில் கோபுரமா என்ற கேள்வியும் உண்டு. அது தென்னாட்டுக் கட்டடக் கலையின் அடையாளம் என்பது அதற்கான பதில்.

அன்றைய சென்னை மாகாணத்தில் தெலுங்கு, மலையாளம், கன்னடம் பேசும் பகுதிகளும் இருந்தன. 1953ல் ஆந்திரா பிரிந்தது. 1956ல் மலபாரும் தென் கன்னடமும் போயின. 1969ல் மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு ஆனது. கோபுரம் மட்டும் அப்படியே நின்றது. மாறியது அடியில் இருந்த வாசகம்தான். 1967ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு, 'சத்யமேவ ஜயதே' என்ற வடமொழித் தொடரைத் தமிழில் 'வாய்மையே வெல்லும்' என்று ஆக்கியது.

சின்னம் இருக்கிறது, கொடி? அதற்கும் முயற்சி நடந்தது. 1970ல் முதல்வர் கருணாநிதி மாநிலக் கொடி ஒன்றின் மாதிரியை முன்வைத்தார். மேல் மூலையில் தேசியக் கொடி, கீழே கோபுரச் சின்னம். பிரிவினைக்கு வழிவகுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது. திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் வேறொன்று கிடைத்தது. அதுவரை சுதந்திர தினத்திலும் மாநிலத் தலைநகரங்களில் கொடியேற்றியவர்கள் ஆளுநர்களே. கருணாநிதி கேட்டதன் பேரில், 1974 முதல் அந்த உரிமை முதல்வர்களுக்கு வந்தது, தமிழகத்தில் மட்டுமல்ல, எல்லா மாநிலங்களிலும்.

தனிக் கொடி பறக்கவில்லை. ஆனால் நாட்டின் கொடியை ஏற்றும் கை, மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவரின் கை ஆனது. எது பெரியது என்று நீங்களே சொல்லுங்கள்!