கல்கத்தா, 1855: தோத்தவர் ஆடின டிஃபென்ஸ்

போன வாரம் செஸ் போர்டை எடுத்து வச்சு, ஒரு பழைய ஆட்டத்தை முதல்ல இருந்து ஆடிப் பார்த்தேன். கல்கத்தா, 1855. வெள்ளைக் காய் ஜான் காக்ரேன், ஸ்காட்லாந்து வக்கீல். கறுப்பு, மகேஷ் சந்திர பானர்ஜி. காக்ரேனுக்கு செஸ் பிழைப்பு இல்லை.

கறுப்போட முதல் மூணு நகர்த்தலைக் கவனிங்க: குதிரை எஃப்6, சிப்பாய் ஜி6, சிப்பாய் டி5. இன்னைக்கு இதுக்குப் பேர் க்ரூன்ஃபெல்ட் டிஃபென்ஸ். ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் இதை ஆடிப் பேர் வாங்கினது 1922-ல. 67 வருஷம் கழிச்சு!

மகேஷுக்கு இது எப்படித் தோணுச்சு? அன்றைய நாட்டு ஆட்டத்தில் சிப்பாய் முதல் தடவையும் ஒரு கட்டம்தான் போகும். அப்படி ஆடி வளர்ந்த கைக்கு ஜி6 பழகின நகர்த்தலா இருந்திருக்கும்.

18-வது நகர்த்தல்லதான் நான் ரொம்ப நேரம் நின்னேன். எதிராளி ராணியைத் தாக்க, மகேஷ் குதிரையை ஏ5-க்குக் கொண்டு போறார். நானா இருந்தாலும் அதையேதான் ஆடியிருப்பேன். அதோட ஆட்டம் காலி. இன்னும் மூணே நகர்த்தல். வெள்ளை ராணியைப் பலி கொடுத்தா, குதிரை மேட் போட்டுடும். கறுப்பு ராஜா தன் சொந்தக் காய்களுக்கு நடுவுலயே மாட்டிக்கிறார்.

இந்த ஆட்டங்கள் நமக்குக் கிடைச்சதே காக்ரேன் குறிச்சு வச்சதாலதான். தோத்த ஆட்டத்துக்கு யாருங்க பேர் வைப்பாங்க? ‘இந்தியன் டிஃபென்ஸ்’ங்கிற குடும்பப் பேர்ல மட்டும் மகேஷோட நாடு ஒட்டிக்கிட்டிருக்கு.